குடுவையும் வரைபடமும்

தருமபுரி மாவட்டத்திலிருந்து எம்.இ. படிக்கப் போகிறவர்களில் சுற்றுச்சூழல் பொறியியலோ நீர்வளமோ எடுப்பவர்களுக்குத் தலைப்புப் பஞ்சம் கிடையாது. சேலத்தில் சேர்ந்தாலும் கோவையில் சேர்ந்தாலும் கிண்டியில் சேர்ந்தாலும் கைடு முதலில் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்: "உங்க ஊர்லதான் ஃபுளோரைடு இருக்கே, அதையே பண்ணிடலாமே." அங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. ஆய்வுக்கூடத்திலேயே இருந்து, தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை இழுத்துக்கொள்ளும் பொருள் ஒன்றைச் சோதித்துப் பார்ப்பது ஒரு வழி. ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து, எங்கே எவ்வளவு என்று அளந்து வரைபடம் போடுவது இன்னொரு வழி. முதல் வகையைக் குடுவை என்றும் இரண்டாவதை வரைபடம் என்றும் இந்தக் கட்டுரைக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டுக்கும் கிடைப்பது அதே இரண்டு பருவம்தான். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் மூன்றாம் பருவத்தில் புராஜெக்டின் முதல் கட்டம், நான்காம் பருவத்தில் இரண்டாம் கட்டம். ஒரே ரிவ்யூ கமிட்டி, ஒரே வைவா, ஒரே நிறத்து பைண்டிங். ஆனால் குடுவைக்குப் போடும் திட்டத்தை வரைபடத்துக்குப் போட்டால் வேலை முடியாது. வரைபடத்துக்குப் போடுகிற மாதிரி குடுவைக்குப் போட்டால் வேலை முடியும், ஆனால் முடிவில் கையில் ஒன்றும் இருக்காது. இந்த வித்தியாசத்தை முதல் ரிவ்யூவிலேயே எடுத்துச் சொல்லும் கைடுகள் குறைவு.

பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் குடிநீர் ஃபுளோரைடால் எலும்பும் பல்லும் கெடுவது பற்றிய முதல் விரிவான ஆய்வு 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தை வைத்து வந்தது. ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி என்ற மூவர் எழுதியது. தருமபுரியின் கதையும் அதே பாறைக் கதைதான். அடியில் கிடப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைப் பாறைகள். அவற்றிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அப்படைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. தண்ணீர் வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கி, பைகார்பனேட் ஏறி, கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து குறைந்துவிட்டால், ஃபுளோரைடைப் பிடித்து நிறுத்த எதுவும் மிச்சமிருக்காது. போரை ஆழமாகப் போடப்போட, அப்படிப்பட்ட பழைய தண்ணீர் மேலே வருவதற்கு வாய்ப்பு கூடுகிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 (2012) லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடுக்கு ருசி, மணம், நிறம் எதுவும் கிடையாது. உப்புத் தண்ணீரை வாயில் வைத்ததும் துப்பிவிடலாம், இதைத் துப்ப முடியாது. பிள்ளைகளின் பல்லில் காவி ஏறிய பிறகுதான் தெரியும்.

இனி காலண்டருக்கு வருவோம். எம்.இ. புராஜெக்டில் எல்லாம் அங்கேதான் தொடங்கி அங்கேதான் கெடுகிறது.

வரைபடக்காரருக்குக் கடிகாரம் வெளியே, வானத்தில் இருக்கிறது. நிலத்தடி நீர் ஆய்வென்றால் மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை மாதிரி எடுக்க வேண்டும். தருமபுரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, செப்டம்பர் அக்டோபரில் நன்றாகவே பெய்யும். சித்திரை வைகாசியில் கோடை மழையும் எட்டிப்பார்க்கும். ஆக, காய்ந்த காலத்து மாதிரியை மார்ச்சிலிருந்து மே தொடக்கத்துக்குள் பிடித்துவிட வேண்டும். மழைக்குப் பிந்தியதை ஜனவரியில் பிடிக்கலாம். கல்லூரிக் காலண்டரையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புராஜெக்ட் அதிகாரபூர்வமாகத் தொடங்குவது ஆடி, ஆவணி வாக்கில். ஜீரோத் ரிவ்யூ முடிந்து தலைப்புக்கு ஒப்புதல் கிடைப்பதற்குள் புரட்டாசி மழை வந்துவிடும். ஜனவரி கைக்குக் கிடைக்கும். அதற்கடுத்த காய்ந்த காலம் வரும்போது தீசிஸ் பிரின்டுக்குப் போகிற நேரம். ஒரே பருவத்துத் தரவை வைத்துக்கொண்டு 'பருவகால மாற்றம்' என்று தலைப்பில் எழுதியவர் வைவாவில் விழிப்பது இதனால்தான்.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. தலைப்பு ஒப்புதலுக்கு முந்தைய வெயிலிலேயே, அதாவது இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, முதல் சுற்று மாதிரிகளைப் பிடித்துவிட வேண்டும். கல்லூரி இதற்குக் காசும் தராது, வருகைப்பதிவும் தராது. சொந்த ஊர்க்காரப் பிள்ளையால்தான் இது முடியும். லீவுக்கு வீட்டுக்கு வருகிறவர் பெரியப்பாவின் பைக்கை வாங்கிக்கொண்டு நல்லம்பள்ளியிலிருந்து பென்னாகரம் வரை ஒரு சுற்று வரலாம். சென்னைப் பையன் தருமபுரியைத் தலைப்பாக எடுத்தால் அந்த வசதி கிடையாது. ஊரில் பிறந்ததற்கு எம்.இ.யில் ஏதாவது லாபம் உண்டென்றால் அது இதுதான்.

குடுவைக்காரருக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. 221 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடை எடைபோட்டு ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள மூலக்கரைசல் தயார். அதை நீர்த்து வேண்டிய அளவுக்குக் கொண்டுவரலாம். ஆடியிலும் செய்யலாம், மாசியிலும் செய்யலாம், இன்று தப்பானால் நாளைக்குத் திரும்பவும் செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற வேலையை எப்போது நிறுத்துவது? யாரும் நிறுத்தச் சொல்வதில்லை. புளியங்கொட்டைக் கரியில் தொடங்குகிறார். கைடு வேப்பம்பட்டையையும் பார்க்கச் சொல்கிறார். ரிவ்யூவில் ஒருவர் தேங்காய்ச் சிரட்டையை ஏன் விட்டீர்கள் என்கிறார். பிப்ரவரியில் மூன்று பொருளுக்கும் அரைகுறைத் தரவு இருக்கும், ஒன்றுக்கும் முழுசாக இருக்காது.

கொஞ்சம் கணக்குப் போட்டாலே இது தெரிந்துவிடும். பி.எச்., பொருளின் அளவு, நேரம், தொடக்கச் செறிவு, வெப்பநிலை என்று ஐந்து காரணிகள். ஒவ்வொன்றிலும் ஆறு நிலைகள், ஒவ்வொன்றையும் மும்முறை. ஒரு பொருளுக்கே 90 குடுவை ஆயிற்று. மூன்று பொருள் என்றால் 270. ஷேக்கரில் ஒரு நேரத்தில் எத்தனை குடுவை நிற்கும், அந்த ஷேக்கரை இன்னும் எத்தனை பேர் கேட்டு நிற்கிறார்கள் என்று பார்த்தால் பருவத்தின் நீளம் புரியும். பாக்ஸ், பென்கென் இருவரும் 1960-ல் கொடுத்த சோதனை வடிவமைப்பு முறையில் மூன்று காரணிகளுக்கு 15 ஓட்டங்கள் போதும். ஒவ்வொரு காரணியாகத் திருகிப் பார்ப்பதைவிட இதில் காரணிகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதும் தெரியும். மென்பொருள் இருக்கிறது, பாடமும் நடத்தியிருப்பார்கள். ஆனாலும் முதல் கட்டம் முழுக்கக் காரணிகளை ஒவ்வொன்றாகத் திருகிவிட்டு, இரண்டாம் கட்டத்தில் தீசிஸுக்கு ஒரு அத்தியாயம் கூட வேண்டும் என்பதற்காக பாக்ஸ்-பென்கென்னைக் கொண்டுவருகிறவர்களே அதிகம். அதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டாம் கட்டத்தில் உண்மைத் தண்ணீருக்கு நேரம் கிடைத்திருக்கும்.

உண்மைத் தண்ணீர் என்றேன். குடுவையின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரில் ஃபுளோரைடு மட்டும் தனியாக இருக்கும்போது எந்தப் பொருளும் நன்றாகவே இழுக்கும். ஆக்டிவேட்டட் அலுமினா பி.எச். 5.5, 6 அளவில்தான் சிறப்பாக வேலை செய்யும். ஊர்ப் போர்த் தண்ணீர் காரப் பக்கம் சாய்ந்திருக்கும், அதில் பைகார்பனேட் நிறைய. அந்த பைகார்பனேட்டும் பொருளின் மேற்பரப்பில் இடம் பிடிக்கப் போட்டி போடும். கடைசி மாதத்தில், "ஃபீல்டு சாம்பிள் ஒண்ணு போட்டுடு" என்று கைடு சொல்ல, பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கேனில் தண்ணீர் வரும். அதுவரை தொண்ணூறு விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்த நீக்கம் அன்று சரிந்துபோகும். அந்தச் சரிவு தீசிஸின் கடைசிப் பக்கத்தில், ஒரே வரியில், 'இணை அயனிகளின் இடையீடு' என்று அடங்கிவிடும். உண்மையில் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அந்த வரிதான். குடுவைத் திட்டத்துக்கு நான் சொல்லக்கூடிய ஒரே யோசனை, அந்தக் கேனை முதல் வாரத்திலேயே கொண்டுவந்துவிடு என்பதுதான்.

அளவிடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பிள்ளைகளே இதில் விழுகிறார்கள். ஃபுளோரைடை அளக்கக் கல்லூரிகளில் இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. ஸ்பேட்ன்ஸ் என்ற சாயத்தின் நிறம் மங்குவதை 570 நானோமீட்டரில் பார்ப்பது ஒன்று, ஃபுளோரைடு அயனி மின்முனையை வைத்து மில்லிவோல்ட் பார்ப்பது மற்றொன்று. அலுமினா, படிகாரம், அலுமினியம் ஏற்றிய கரி, இவற்றில் எதைச் சோதித்தாலும் கொஞ்சம் அலுமினியம் கரைந்து நீரில் வரும். அது ஃபுளோரைடைக் கட்டிக்கொள்ளும். கட்டுண்ட ஃபுளோரைடு மின்முனைக்குத் தெரியாது, ஸ்பேட்ன்ஸிலும் அலுமினியம் அளவைக் குறைத்தே காட்டும். ஃபுளோரைடு தண்ணீரிலேயே இருக்கும், கருவி மட்டும் போய்விட்டது என்று சொல்லும். இதற்காகத்தான் டிசாப் என்ற தாங்கல் கரைசலைச் சேர்க்கிறோம். அதிலுள்ள சி.டி.டி.ஏ. அலுமினியத்தைத் தன் பக்கம் இழுத்து ஃபுளோரைடை விடுவிக்கும். லேபில் அந்த வேதிப்பொருள் தீர்ந்துபோய், அது இல்லாமலே டிசாப் கலக்கி ஒரு பருவம் முழுக்க அளந்த தரவு எவ்வளவு அழகாக வந்தாலும் அதை நம்ப முடியாது. சில சமயம் அழகாக வந்ததே சந்தேகத்துக்குக் காரணம். மின்முனையின் சரிவு செறிவு பத்து மடங்கு ஏறும்போது 59 மில்லிவோல்ட் அளவில் வருகிறதா என்று தினமும் காலையில் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கும் பிள்ளையை எனக்கு உடனே பிடித்துப்போகும்.

எதைச் சோதிப்பது என்பதிலும் ஊர் உதவும். சேலம் அரசு பொறியியல் கல்லூரி இருக்கும் கருப்பூரைச் சுற்றி மேக்னசைட் பூமி. அந்த வெள்ளைக்கல்லைச் சுட்டால் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மக்னீசியம் ஆக்சைடை வைத்தே வீட்டு அளவில் ஃபுளோரைடு நீக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அதில் தண்ணீரின் பி.எச். 10-ஐத் தாண்டி ஏறும். பிறகு அமிலத்தன்மையுள்ள உப்பைச் சேர்த்து இறக்க வேண்டும். அந்தச் சிக்கலை எளிதாக்குவது ஒரு எம்.இ.க்குச் சரியான அளவு வேலை. மேட்டூர் அலுமினிய ஆலை விட்டுப்போன செஞ்சேறும் இன்னொரு பொருள். புளியங்கொட்டையை விட்டுவிட்டு இவற்றைப் பார் என்று சொல்வதில் எனக்குப் புளியங்கொட்டை மீது விரோதம் ஒன்றுமில்லை. அதைப் பற்றி எழுதிக் குவித்துவிட்டார்கள் என்பதுதான்.

நாக்பூர் நீரி நிறுவனத்தின் நல்கொண்டா முறை எல்லா தீசிஸிலும் இரண்டாம் அத்தியாயத்தில் வரும். படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர். கலக்கு, படியவிடு, வடித்துக் குடி. வேதியியல் சரிதான். அன்றாடம் அளந்து போட ஆள் வேண்டும், சேற்றை எங்கே கொட்டுவது என்று தெரிய வேண்டும், மிஞ்சிய அலுமினியத்தைப் பார்க்க வேண்டும். குடுவை ஆய்வுகள் இவற்றைக் கேள்வியாக எடுத்துக்கொள்வதே இல்லை. பொருள் நிறைந்துபோன பிறகு அதை என்ன செய்வது என்று எந்த வைவாவிலும் ஒரு புறத் தேர்வாளர் கேட்பார். பதில் 'எதிர்கால ஆய்வு' என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

வரைபடப் பக்கம் போவோம். இங்கே கை வேலை அதிகம். அடிபம்பை முதலில் சில நிமிடம் அடித்துக் குழாயில் தேங்கியதை வெளியேற்ற வேண்டும். கண்ணாடிப் பாட்டில் கூடாது, பாலிஎத்திலீன் பாட்டில். பிடிக்கிற தண்ணீராலேயே பாட்டிலை அலச வேண்டும். பி.எச்., மின்கடத்துத்திறன் இரண்டையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும், லேபுக்குப் போய்ச் சேர்வதற்குள் மாறிவிடும். போனில் இடத்தைக் குறிக்க வேண்டும். போரின் ஆழம் என்னவென்று கேட்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "அது ஆயிரம் அடிங்க" என்பதாக இருக்கும். போர் போட்டவர் பில் வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் எல்லாப் போரும் ஆயிரம் அடிதான்.

பாட்டிலில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கும் பாட்டி கேட்பார்: "ஏன் கண்ணு, இந்தத் தண்ணிய எடுத்துக்கினு போயி என்னா பண்ணப்போற?"

"டெஸ்ட் பண்ணப்போறோம் பாட்டி."

"அப்புறம்?"

இந்த 'அப்புற'த்துக்கு நம் பாடத்திட்டத்தில் விடை கிடையாது. முன்பு வேறு யாரோ வந்து பிடித்துக்கொண்டு போனார்கள், ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் சேர்த்துச் சொன்னால் பாட்டில் பிடித்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். குடுவைக்காரரை இப்படி யாரும் கேட்பதில்லை. அவருடைய சோடியம் ஃபுளோரைடு பாட்டிலுக்குப் பேரப்பிள்ளைகள் இல்லை.

வரைபடத்துக்கும் எண்ணிக்கை உண்டு. தருமபுரி, நல்லம்பள்ளி, பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், மொரப்பூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று பழைய எட்டு ஒன்றியங்களை எடுத்து, ஒன்றுக்கு ஆறு கிணறு வைத்தால் 48. இரண்டு சுற்றுக்கு 96 பாட்டில். பாட்டிலுக்குப் பத்து அளவீடுகள் என்றால் தொள்ளாயிரத்துச் சொச்சம். ஒவ்வொரு மாதிரியிலும் நேர் அயனிகளின் கூட்டும் எதிர் அயனிகளின் கூட்டும் ஐந்து விழுக்காடு வித்தியாசத்துக்குள் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத மாதிரியைத் திரும்ப அளக்கலாம், திரும்பப் பிடிக்க முடியாது, அந்தப் பருவம் போய்விட்டது. குடுவையில் தப்பு நடந்தால் ஒரு நாள் போகும். இங்கே தப்பு நடந்தால் ஒரு வருடம் போகும். அதனாலேயே வரைபடக்காரர்கள் பொதுவாக நோட்டுப் புத்தகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்கிறார்கள்.

என்னைக் கேட்டால் மாவட்டம் முழுக்க 48 கிணறு எடுப்பதைவிட ஒரே ஒன்றியத்தில் 48 எடுப்பது மேல். காரணம் பாறை. மணற்பாங்கான நிலத்தில் தண்ணீர் ஒரே சீராகப் பரவியிருக்கும், இரண்டு கிணறுகளுக்கு நடுவில் என்ன இருக்கும் என்று ஊகிக்கலாம். கடினப் பாறையில் தண்ணீர் வெடிப்புக்குள் ஓடுகிறது. ஒரு போரில் 0.8, கூப்பிடு தூரத்திலுள்ள அடுத்த போரில் 3 என்று வருவது சகஜம். கணினி இதையெல்லாம் பார்ப்பதில்லை. புள்ளிகளைக் கொடுத்தால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாவட்டத்தையே வண்ணமடித்துக் கொடுத்துவிடும். அந்தப் படம் ரிவ்யூவில் எல்லோருக்கும் பிடிக்கும். சிவப்பில் இருக்கும் ஊரில் நல்ல தண்ணீர் உள்ள போர் இருக்கலாம், பச்சையில் இருக்கும் ஊரில் பிள்ளைகளின் பல் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்த வண்ணமடிப்பில் ஒரு முறைக்குப் பெயர் கிரிகிங். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் விட்வாட்டர்ஸ்ராண்டு பல்கலைக்கழகத்தில் 1951-ல் முடித்த முதுநிலை ஆய்விலிருந்து வந்தது. பிறகு பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் அதைக் கணிதமாக வடித்து கிரிக்கின் பெயரையே வைத்தார். முதுநிலைப் பொறியியல் புராஜெக்ட் ஒன்று உலகம் முழுவதும் மென்பொருள் மெனுவில் ஏறியிருப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. கிரிக் கவலைப்பட்டது ஒரே விஷயத்துக்காக: கையிலுள்ள சில மாதிரிகளை வைத்துச் சொல்லும் தங்கத்தின் அளவு தோண்டிப் பார்த்தால் பொய்யாகிறதே, அந்தப் பிழையைக் கணக்கில் எடுப்பது எப்படி என்று. நம் தீசிஸ்களில் கிரிகிங் படம் இருக்கும், அதே மென்பொருள் கூடவே தரும் பிழைப் படம் இருக்காது. அதை ஒரு பிள்ளை பக்கத்தில் போட்டுக் காட்டினால், வண்ணங்களில் எவ்வளவு வெறும் ஊகம் என்று கமிட்டிக்கே தெரிந்துபோகும்.

குடுவைக்கும் இப்படி ஒரு முன்னோர் உண்டு. லாங்மியூர் 1918-ல் எழுதியது கண்ணாடி, மைக்கா, பிளாட்டினம் ஆகியவற்றின் சமதளப் பரப்பில் வாயுக்கள் ஒட்டுவதைப் பற்றி. அந்தச் சமன்பாட்டை வேப்பம்பட்டைக் கரிமேல் போட்டு, நேர்க்கோட்டுப் பொருத்தம் 0.99 வந்துவிட்டது, ஆகவே ஒற்றை அடுக்கு ஒட்டுதல்தான் நடக்கிறது என்று முடிவு எழுதுவது வழக்கமாகிவிட்டது. கோடு பொருந்துவதால் மட்டும் உள்ளே நடப்பது இன்னதுதான் என்று ஆகிவிடாது. இந்த விஷயத்தில் இரண்டு புராஜெக்டும் ஒன்றுதான். இரண்டிலும் கடைசியில் மென்பொருள் ஒரு வழவழப்பான படத்தைக் கொடுக்கிறது, அதற்கப்புறம் பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறார்.

ரிவ்யூக்களைப் பற்றி ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஒரு பருவத்துக்கு மூன்று ரிவ்யூ, ஒவ்வொன்றிலும் எவ்வளவு முன்னேறினாய் என்ற கேள்வி. குடுவைக்காரர் ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் இரண்டு வரைகோடு கூடுதலாகக் கொண்டுவருவார், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். வரைபடக்காரருக்கு முதல் இரண்டு ரிவ்யூவில் கூகுள் எர்த் படமும் பாட்டில்கள் அடுக்கிய போட்டோவும்தான் இருக்கும். மதிப்பெண்ணில் அடிபடுவார். அதற்குப் பயந்து அவர் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் பழைய தரவையோ தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வக முடிவுகளையோ எடுத்துப் படம் போட்டுக் காட்டிவிட்டு, அதோடு நின்றுவிடுவதும் உண்டு. பழைய தரவை முதல் கட்டத்தில் பயன்படுத்துவது தப்பில்லை. எந்தக் கிணறுகளைத் தேர்வது என்பதற்கு அதுதான் வழிகாட்டி. ஆனால் ரிவ்யூ அட்டவணையை நிரப்புவதற்காக அதையே ஆய்வாக்கிவிட்டால், வெயிலில் பைக் ஓட்டாமலே முடிந்துபோன வரைபடம் அது.

எழுதுவதில் வரைபடக்காரருக்கு ஒரு சாதகம் உண்டு. அவர் பார்த்ததை எழுத முடியும். மழைக்குப் பின் ஃபுளோரைடு நீர்த்துக் குறையும் என்று புத்தகத்தில் படித்துவிட்டுப் போயிருப்பார். சில கிணறுகளில் ஏறியிருக்கும், மேலே சிதைந்த பாறை அடுக்கிலிருந்து மழைநீர் கழுவிக் கொண்டுவந்து சேர்த்திருக்கும். எந்தக் கிணறு எந்தப் பக்கம் போனது, அதன் ஆழம் என்ன, பக்கத்தில் ஏரி உண்டா என்று அவர் நோட்டைப் புரட்டினால் ஒரு அத்தியாயம் தானாக வரும். குடுவைக்காரரின் முடிவுகள் அத்தியாயம் ஏற்கெனவே வந்த ஆயிரம் கட்டுரைகளின் அச்சிலேயே விழுந்துவிடுகிறது: பி.எச்.சின் விளைவு, அளவின் விளைவு, நேரத்தின் விளைவு. ஒப்புமைச் சோதனை மென்பொருள் சிவப்பு காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு மாற்றம் 2013-ல் வந்துவிட்டது. அந்த வருடம் மே மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் திறக்கப்பட்டது. 2008-ல் ஜப்பானியக் கடனுடன் தொடங்கியது, செலவு ரூ.1,928.80 கோடி. காவிரித் தண்ணீர் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் குழாயில் போகிறது. அதே 2013-ல்தான் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரியும் வந்தது. ஆனால் தீசிஸ்களின் முன்னுரைகள் இன்னும் 2013-க்கு முன்னாலேயே நிற்கின்றன. குடுவைக்காரர், போர்த் தண்ணீரைத் தவிர இந்த மக்களுக்குக் கதியில்லை என்று எழுதுகிறார். வரைபடக்காரர், குடிக்கவே பயன்படாத போரையும் குடிநீர் ஆதாரம் என்று குறிக்கிறார். குழாய் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. பிரச்சினை இடம் மாறியிருக்கிறது. தலைப்பு மாறவில்லை.

அது இடம் மாறியிருக்கும் இடம் ஊர் நடுவில் நிற்கும் மேல்நிலைத் தொட்டி. ஆற்றுத் தண்ணீர் போதாத நாளில் அதே தொட்டியில் ஊர்ப் போரையும் ஏற்றினால் குடத்தில் வருவது இரண்டும் கலந்தது. ஆற்று நீரில் 0.3, போரில் 3 என்று வைத்துக்கொள்வோம். போரின் பங்கு நான்கில் ஒன்றைச் சற்றுத் தாண்டினாலே கலவை 1-ஐத் தாண்டும். பாதியை நெருங்குவதற்குள் 1.5-ஐயும் தாண்டிவிடும். இது பருவத்துக்குப் பருவம் மாறும் விஷயமில்லை, நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறுவது. ஜனவரியில் ஒன்று மே மாதத்தில் ஒன்று என்று பிடிக்கும் வரைபடத்தில் இது சிக்காது. காய்ச்சி வடித்த நீரில் ஓடும் குடுவைக்கு இது தெரியவே தெரியாது.

இதை ஆய்வாக எடுத்தால் எம்.இ. காலண்டருக்குள் வசதியாக அடங்கும். மழைக்குக் காத்திருக்க வேண்டாம், ஷேக்கருக்கு வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு தொட்டி, ஒரு குழாயடி, ஒரு மாதம், காலையும் மாலையும் ஒரு பாட்டில். எல்லாப் பாட்டிலையும் மின்முனையில் வைக்கக்கூட அவசியமில்லை. ஆற்று நீரின் மின்கடத்துத்திறனும் போர் நீரின் மின்கடத்துத்திறனும் வெகுவாக வேறுபட்டால், கையடக்க மீட்டரே எந்த வேளையில் எது எவ்வளவு கலந்தது என்று சொல்லிவிடும். சிலவற்றில் மட்டும் ஃபுளோரைடு அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம். முதல் கட்டத்தில் ஒரு தொட்டி, இரண்டாம் கட்டத்தில் நாலைந்து தொட்டிகள், அதற்குமேல் போரை எந்த அளவுக்குத் திறக்கலாம் என்று ஒரு எளிய அட்டவணை. அதை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம், அந்தப் பாட்டியிடமும் சொல்லலாம். ஆய்வுக்குத் தேவையான கடினமான தரவு ஒன்றே ஒன்றுதான்: எந்த வால்வு எந்நேரம் திறந்தது என்பது. அது தொட்டி ஆபரேட்டரின் ஞாபகத்தில் இருக்கிறது. அவர் காலை ஐந்து மணிக்கே தொட்டியடிக்கு வந்துவிடுவார், கைடு கையெழுத்துப் போட்ட கடிதம் ஏதும் கேட்கமாட்டார்.